ஒரு நாளும் விடுபடாத பெயர்

நவம்பர் 12, புதன்கிழமை. வழக்கம்போல ஐந்துக்கு எழுந்தேன். பால் காய்ச்சி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, முந்தைய நாள் குறிப்பை எழுதி முடிக்கையில் ஐந்து ஐம்பது. கோயம்புத்தூரில் லேசான தூறல். குடையைப் பையின் வெளிப்பக்க அறையில் வைத்தேன். மதியம் இரண்டு பத்துக்கு மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கியபோது குடை தேவைப்பட்டது, ஆனால் வெயிலுக்கு.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் அறக்கட்டளை, படிப்பை விட்ட பெரியவர்களுக்காக மாலை நேர மையங்களை நடத்துகிறது. மதுரைப் பக்கம் இரண்டு மையங்கள். ஒன்று கே.கே. நகரில், மற்றது மேலூரைத் தாண்டி ஒரு கிராமத்தில். வரும் ஆண்டு இரண்டில் ஒன்றைத்தான் நடத்த முடியும். எதை என்று பார்த்து எழுத என்னை அனுப்பியிருந்தார்கள். அளவுகோல் ஒன்றே, வருகை. முக்கால்வாசி நாளுக்கு மேல் வந்தவர்கள் எங்கே அதிகமோ அந்த மையம் நீடிக்கும். அப்படி வந்தவர்களின் பெயர் மட்டுமே எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு எங்கள் வழியாகப் போகும். எண்ணிப் பார்த்து எழுதும் வேலை என்பதால் இரண்டு நாள் போதும் என்று நினைத்திருந்தேன்.

ஆரப்பாளையம் லாட்ஜில் வரவேற்பில் இருந்தவர் என் கையெழுத்தை நீண்ட நேரம் பார்த்தார். "மேடம், இம்புட்டு அழகா இந்த நோட்டுல யாரும் எழுதுனதில்ல. எல்லாம் கோழி கிண்டுன மாதிரித்தான்" என்றார். சுடுதண்ணீர் ஆறு முதல் எட்டு வரை என்று பலகை இருந்தது. காலையா மாலையா என்று கேட்டேன். "வரும்போது வரும் மேடம்" என்றார்.

நாலே முக்காலுக்குக் கே.கே. நகர் மையம். கண்ணாடிக் கதவு, மின்விசிறி, ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி. இருபத்திரண்டு பெயர், இருபத்திரண்டு பேர். ஐந்துக்குத் தொடங்கும் வகுப்புக்கு நாலு ஐம்பதுக்கே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், ஒரு பல் மருத்துவரின் மனைவி. முதல் வரிசையில் குபேந்திரன். ஜவுளிக் கடையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டவர், வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம். அவர் தாமாகவே பேச்சைத் தொடங்கினார்.

"மேடம், இது எனக்கு நாலாவது சர்டிபிகேட்டு. யோகா, டேலி, ஸ்போக்கன் இங்கிலீசு, இப்ப இது. மாட்டுறதுக்குச் சுவத்துல எடமில்லன்னு வீட்ல சத்தம் போடுறாங்க."

"அநேகமாக எல்லா நாளும் வருகிறீர்களே?"

"வீட்ல இருந்தா வெண்டைக்காய் நறுக்கச் சொல்லுவாங்க மேடம். இது தேவலை."

பின்வரிசை சிரித்தது. அவர்களைப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு அங்கே ஒரு பெயரும் இல்லை. யாரும் பத்தாவதுக்குக் கீழே படித்தவர்கள் அல்ல. இந்தத் தெருக்களில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் யாரும் வருவதில்லையா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். "அவங்களுக்கு இந்த நேரத்துலதான மேடம் இவங்க வீடுகள்ல சாயங்கால வேலை?" என்றார். எழுதிக்கொண்டேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதினேன்.

இரவு இட்லிக்கு நாலு சட்னி வந்தது. எங்கள் ஊரில் இரண்டு வரும், கேட்டால் மூன்றாவது வரும். இங்கே எந்தச் சட்னியையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாலையும் தொடாமல் எழுந்தால்தான் கேள்வி கேட்கிறார்கள்.

வியாழக்கிழமை. காலையில் லாட்ஜ் வாசலில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தேன். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் நின்றன. முந்தைய நாள் குறிப்புகளைப் படியெடுத்து முடித்து, மதியத்துக்கு மேல் மேலூர் போய், அங்கிருந்து மினி பஸ் ஏறினேன். பயணிகள் பாதி, உர மூட்டைகள் பாதி. கால்வாய்க் கரையில் ஏறும் இடத்தில் வண்டி நின்றுபோனது. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எறங்குங்க சாமி" என்றார். எல்லோரும் பழக்கப்பட்டவர்களாக இறங்கினார்கள். நான் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, நீங்க மட்டும் உள்ள ஒக்காந்தா பாரம் கூடுதுல்ல?" என்றாள் ஒரு பெண்.

இறங்கி நானும் கை வைத்தேன். "மாப்ள, டீச்சரம்மா தள்ளுது, இப்பக் கெளம்பும் பாரு" என்று ஒருவர் கத்தினார். கிளம்பியது. பதினோரு நிமிடம் தாமதம். எங்கள் ஊரில் இப்படி நின்றால் ஆளாளுக்குப் போனை எடுத்து டிப்போவுக்குப் புகார் சொல்வோம், வண்டி அங்கேயே நிற்கும்.

அந்தக் கிராமத்தின் பெயரை எழுதவில்லை. முந்தைய தலைமுறையில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது; இப்போது சில வீடுகளுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் உண்டு. சொந்த வயலில் வேலை இல்லாத நாட்களில் எல்லோரும் கூலிக்கு நடவுக்கும் களைக்கும் போகிறார்கள். மையம் நடப்பது மகளிர் குழுக் கட்டிடத்தில். ஆசிரியை செல்வி அதே ஊர்க்காரர், முப்பது வயது, கட்டிடத்தை எனக்காக இரண்டு முறை பெருக்கியிருந்தார்.

பதிவேட்டைப் பார்த்தேன். ஜூன் முதல் நூற்றுப் பதினோரு வகுப்பு. பன்னிரண்டு பெயர். எல்லோருக்கும் முக்கால்வாசியைத் தாண்டிய வருகை. அதில் ஒரு பெயர் ஒரு நாள்கூட விடுபடவில்லை. முத்துப்பேச்சி, நூற்றுப் பதினொன்றுக்கு நூற்றுப் பதினொன்று. கே.கே. நகரிலேயே அப்படி யாரும் இல்லை. அந்தப் பெயரின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன்.

ஏழு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். குளித்த ஈரம் காயாத தலை, நகக்கண்ணில் சேறு. உட்கார்ந்தார்கள். எண்ணினேன், ஐந்து. செல்வி பதிவேட்டைத் திறந்து பன்னிரண்டு பேருக்கும் வந்ததாகப் போட்டார். என் கண்முன்னால், எந்தத் தயக்கமும் இல்லாமல்.

"ஐந்து பேர்தானே இருக்கிறார்கள்?"

செல்விக்கு என் கேள்வி புரியவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுப் பெண்தான் பதில் சொன்னார். பாண்டியம்மா; நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவர்தான் தலைமை.

"நாங்க ஒரே செட்டு டீச்சரு. பன்னெண்டு பேரு. வயக்காரரு தலைய எண்ண மாட்டாரு, வயலு நட்டு முடிஞ்சுச்சான்னு பாப்பாரு. ஒருத்திக்குக் காச்சன்னா அவ பங்கையும் சேத்து நாங்க நட்டுருவோம். அவளும் வந்த கணக்குத்தான். இங்கயும் அப்படித்தான். இன்னைக்கு நாங்க அஞ்சு பேரு வந்துருக்கோம், அவுக அங்கிட்டு ஒல வைப்பாக. நாளைக்கு அவுக வருவாக."

"அப்படியானால் பதிவேட்டில் விடுபட்ட நாட்கள் எப்படி வந்தன?"

"அது வெளியூருக்குக் கல்யாணம், கருமாதின்னு போனது. அன்னைக்குச் செட்டுக்கு ஒரு வேலையும் செய்யல. பொய்யாவா போடச் சொல்றீக?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "நானும் அந்தச் செட்டுல நட்டுத்தான் மேடம் பி.எட். படிச்சேன். எனக்கு இது தப்பாவே தோணல."

இருபத்தாறு வருடமாகப் பதிவேடுகள் பார்க்கிறேன். ஏமாற்றுவதற்காகத் தவறாக எழுதியவை பலவற்றைப் பார்த்திருக்கிறேன். உண்மையாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு ஒழுங்காகத் தவறாக எழுதிய ஒன்றை அன்றுதான் பார்த்தேன். முறை வைத்து வந்திருந்தால், நேரில் வந்த நாள் ஆளுக்குப் பாதிதான் இருக்கும். விதிப்படி பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடத் தேற மாட்டார். அதைச் சொன்னேன்.

"பாதிப் பாடம் படித்து எட்டாம் வகுப்புத் தேர்வு எப்படி எழுதுவீர்கள்?"

"யாரு பாதின்னா? ராத்திரி இங்க படிக்கிறத விடிஞ்சு வயல்ல மத்தவளுகளுக்குச் சொல்லிருவோம். நம்பலேன்னா காலைல வாங்க. சேறு ஒட்டும், பரவால்லையா?"

மினி பஸ் போய்விட்டிருந்தது. செல்வியின் வீட்டில் தங்கினேன். அவருடைய அம்மா சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் போட்டார். "கோயம்புத்தூர்ல கொழம்புல சீனி போடுவீகளாமே?" என்று கவலையோடு கேட்டார். போடுவதில்லை என்று உறுதி கொடுத்தேன். அவர் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை ஆறரை. வயலில் பதினோரு பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னால் பின்னால் நகர்ந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்றேன். முந்தைய மாலைப் பாடம் சதவீதம். பாண்டியம்மா நடுவிலிருந்து குரல் கொடுத்தார்.

"நூத்துக்கு இருவத்தஞ்சு?"

"நாலுல ஒண்ணு!"

"நூத்துக்குப் பன்னெண்டரை?"

ஓரத்திலிருந்து ஒரு குரல். "எட்டுல ஒண்ணு!"

"ஏய் மாரியாயி, விடையச் சரியாச் சொல்லிட்டு நாத்தக் கோணலா ஊணுற பாரு. நீ நட்டதுல எட்டுல ஒண்ணு சாஞ்சு கெடக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. மாரியாயி சேற்றை எடுத்து எறிந்தாள். அது என் புடவை விளிம்பில் பட்டது.

முந்தைய நாள் வகுப்பில் இல்லாதவர்கள் அங்கே ஆறு பேர். ஆளுக்கு நாலு கேள்வி கேட்டேன், அவர்கள் நட்டுக்கொண்டே பதில் சொன்னார்கள். இருபத்து நாலில் பத்தொன்பது சரி. நோட்டில் குறித்துக்கொண்டபோது ஒன்று உறைத்தது. கே.கே. நகரில் நான் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலையை எண்ணிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து, ஆட்களைச் சரிபார்த்தேன். வகுப்புக்கு வந்த ஐந்து, வராத ஆறு. பதினொன்று.

"பன்னிரண்டாவது ஆள் எங்கே? முத்துப்பேச்சி?"

"அந்தா, மரத்தடில" என்றார் பாண்டியம்மா.

பம்புசெட் அறைக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம். ஐந்து வயதுக்கு உட்பட்ட ஏழு குழந்தைகள், நடுவே இடுப்பில் ஒன்றோடு முப்பத்து நாலு வயதுப் பெண். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்று வயல் பக்கம் காதைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"செட்டுப் பிள்ளைக டீச்சரு. ரெண்டுதான் என்னுது" என்றாள் முத்துப்பேச்சி. சேலைத் தலைப்பால் ஒரு திண்டைத் துடைத்து உட்காரச் சொன்னாள்.

நூற்றுக்கு இருபத்தைந்து என்றால் என்ன என்று கேட்டேன். சிரித்தாள். "மூணாப்பு வரைக்கும் போனேன். என் பேரு எழுதுவேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இதெல்லாம் தெரியாது."

"மாலையில் மையத்துக்கு எத்தனை நாள் போனாய்?"

"தொறக்கும்போது குத்துவெளக்கு ஏத்துனாக, அன்னைக்குப் போனேன். வகுப்புக்குப் போனதில்ல. அவுக படிக்கப் போயிட்டா இதுகள யாரு பாப்பா? சின்னவன் பொறந்தப்ப பால் குடுக்கணும்னு மரத்தடி எனக்குன்னாக. இப்ப அவனுக்கு ஒன்றரை வயசு. மாத்திக்கிருவோம்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல."

"உனக்குத் தேர்வு எழுத விருப்பம் இல்லையா?"

அவள் முகம் மாறியது. "இந்த மையம் வேணும்னு மொத மொத மனு எழுதச் சொன்னவளே நாந்தான் டீச்சரு. மேலூர் ரோட்டு மில்லுல எட்டாவது பாஸ் பண்ண பொம்பளையாளு எடுக்குறாக. வருசம் முழுக்க வேல. அதுக்குத்தான்."

"குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்திருக்கலாமே?"

"போர்டுல போட்டுருக்காமே. செல்விதான் வாசிச்சுச் சொன்னா. பிள்ளைகளுக்கு அனுமதி இல்லன்னு."

மையத்தின் சுவரில் விதிப்பலகை இருக்கிறது. எல்லா மையங்களுக்கும் ஒரே பலகை, ஐந்து விதிகள். அந்த ஐந்தையும் எழுதியது நான். நாலு வருடம் முன்பு கே.கே. நகரிலிருந்து, ஒருவர் பேரனைக் கூட்டி வருகிறார், விசைப்பலகையைத் தட்டுகிறான் என்று கடிதம் வந்தது. அன்று மாலையே நாலாவது விதியை எழுதி எல்லா ஊருக்கும் அனுப்பினேன். சிறிய வேலை, பத்து நிமிடத்தில் முடிந்தது என்று நினைவு.

பதினொன்றரைக்குச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள். எனக்கும் தூக்குச்சட்டி மூடியில் தக்காளிச் சோறும் மோர் மிளகாயும் வைத்தார்கள். சாப்பிட்டு முடித்தபின் சொன்னேன். வயலில் படிப்பதையும் கேள்வி கேட்டுப் பார்த்ததையும் அப்படியே எழுதுவேன், பதினோரு பேருக்கு அது போதும் என்று வாதாடுவேன். ஆனால் முத்துப்பேச்சி வகுப்பிலும் இல்லை, வயலிலும் இல்லை. அவளுக்கு நேற்றோடு போட்டிருக்கும் நூற்றுப் பன்னிரண்டு நாளை என்ன செய்வது?

பாண்டியம்மாவுக்குக் கோபம் வந்தது. "அவ இல்லேன்னா நாங்க ஒருத்தியும் அங்கன ஒக்காந்திருக்க முடியாது டீச்சரு. அவளுக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது?"

"பிரசண்டு போட்டீக, சரித்தான்" என்றாள் முத்துப்பேச்சி. குழந்தைக்குச் சோறு ஊட்டுவதை நிறுத்தவில்லை. "என்னத்தப் படிச்சன்னு ஒருத்தியாச்சும் கேட்டீகளா?"

"நீ வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்" என்றாள் மாரியாயி.

"சொல்லிருந்தா நீ வருவியா, மரத்தடிக்கு?"

பாண்டியம்மா சட்டியைக் கழுவி, தண்ணீரை வீசி ஊற்றி, கழுவிய சட்டியையே மறுபடி கழுவினார். கடைசியில், "எனக்கும் இடுப்பு புடிக்கிது. நாளைலருந்து காலைல நான் பிள்ளைகளப் பாக்குறேன். இவ என் எடத்துல நடட்டும். மறு வாரம் மாரியாயி" என்றார்.

"நானா?"

"நீதான். கோணலா நடுறதுக்கு இது தேவல."

மாலை ஆறு ஐம்பதுக்கு மையத்தில் நாலாவது விதியின் குறுக்கே கறுப்பு மையால் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இட்டேன். ஏழு மணிக்குப் பன்னிரண்டு பெண்களும் ஏழு குழந்தைகளும் வந்தார்கள். அமைதியாக நடந்தது என்று எழுதினால் பொய். ஒரு குழந்தை சாக்பீஸைத் தின்றது, ஒன்று செல்வியின் கைப்பையைக் கவிழ்த்தது. நாற்பது நிமிடப் பாடம் ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் நடந்தது.

வகுப்பு முடிந்ததும் தேர்வுப் பட்டியலை எடுத்தேன். பதினோரு பெயரை எழுதி நிறுத்தினேன். தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் முடியாவிட்டால் அடுத்த முறை எழுதலாம் என்று முத்துப்பேச்சியிடம் சொன்னேன்.

"இவுக எல்லாம் மில்லுக்குப் போவாக. நான் திரும்பவும் இவுக பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு அடுத்த தடவைன்னு ஒக்காந்துருப்பேன். அப்படித்தான?" அவள் குரலை உயர்த்தவில்லை. "என் பேரையும் போடுங்க டீச்சரு. தோத்தா நான் தோத்ததா இருக்கட்டும்."

போட்டேன். பிறகு வெளியே வந்து மேலாளருக்குப் போன் செய்தேன். முழுவதும் சொல்ல ஒன்பது நிமிடம் ஆனது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், எனக்குப் படிவத்துல ஒரே ஒரு நம்பர் வேணுங்க. எத்தன பேரு வந்தாங்க?"

"ஒரே நம்பராகச் சொன்னால் அது பொய்யாகிவிடும் சார். தனித்தாளில் எழுதுகிறேன். நாலாவது விதியை நான்தான் எழுதினேன் என்பதையும் எழுதுகிறேன்."

"கே.கே. நகர் ஆளுங்க சும்மா இருக்க மாட்டாங்களே."

"இருக்க மாட்டார்கள். ஆனால் இந்த மையம் மூடினால் குபேந்திரன் சாருக்கு ஐந்தாவது சான்றிதழ் கிடைக்கும். இங்கே பன்னிரண்டு பேருக்கு முதல் சான்றிதழ் கிடைக்காது."

"பேர்ப் பட்டியல அனுப்புங்க. தேர்வு முடியற வரைக்கும் மூடலைங்க. அதுக்கப்புறம் கமிட்டி முடிவு பண்ணட்டும்" என்றார். அதற்கு மேல் அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் முதல் வேலையாகச் செல்வியிடம் பதிவேட்டை வாங்கினேன். முத்துப்பேச்சியின் பழைய பக்கத்தை அடிக்கவில்லை. அதன் கீழே, "மேற்கண்ட நாட்களில் இவர் ஏழு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதால் மற்ற பதினோரு பேரும் முறை வைத்து வகுப்புக்கு வர முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு ஒரு புதிய பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். சேர்ந்த தேதி நவம்பர் 14. வந்த நாட்கள், ஒன்று.